வெள்ளிக்குள் ஒரு சகுனம்

“மேல போய்க்கிட்டிருந்தீங்களா, கீழ வந்துக்கிட்டிருந்தீங்களா? அதை மட்டும் சரியாச் சொல்லுங்க” என்று லிஃப்ட் கதவின் இடுக்கில் வாயை வைத்துக் கேட்டார் மெக்கானிக்.

உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது.

“முதல்ல கதவைத் திறங்க” என்றது ஒரு பெண் குரல்.

“திறக்கிறேம்மா. அதுக்கு முன்னாடி இது எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“நான் எட்டாவது மாடிக்குப் போகத்தான் ஏறினேன்.”

“அப்ப மேல போயிருக்கு.” மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது.

“அதெப்படி?” என்றது ஓர் ஆண் குரல். “நான் கீழ போறதுக்குத்தான் பட்டனை அழுத்தினேன். இந்தம்மா மேல அழுத்தினாங்க. நான் மறுபடி கீழ அழுத்தினேன். அது மேல போச்சு, கீழ வந்துச்சு, திரும்ப மேல போச்சு. அப்புறம் நின்னுடுச்சு.”

“கடைசியா எந்தப் பக்கம் போச்சு?”

“அதை யார் பாத்தா? நாங்க சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்.”

மலர்ந்த முகம் வாடியது. “நல்லா யோசிச்சுப் பாருங்க. நிக்கிறதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள ஜிவ்வுன்னு இருந்துச்சா, இல்ல கால் தரையில அழுந்தின மாதிரி இருந்துச்சா?”

இருவரும் தத்தம் வயிற்றை நினைவுபடுத்திப் பார்க்கிறார்கள் என்று மெக்கானிக் நம்பினார். உண்மையில் அந்தப் பெண்மணி அப்போது மெக்கானிக்கின் அலுவலகத்துக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். “கதவைத் திறக்கச் சொன்னா உங்க ஆளு விசாரணை நடத்திக்கிட்டிருக்கார்” என்பது புகார்.

பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர், நாற்பத்தோரு லிஃப்டுகளுக்குப் பொறுப்பானவர், இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. வந்தோமா, திறந்தோமா, கையெழுத்து வாங்கினோமா என்று போகிறவர். அந்தத் திங்கட்கிழமை மட்டும் அவருக்கு ஒரு சகுனம் தேவைப்பட்டது. அன்றைய முதல் அழைப்பில் லிஃப்ட் மேலே போகும்போது நின்றிருந்தால் வெளிநாடு போவது, கீழே வரும்போது நின்றிருந்தால் இங்கேயே இருப்பது என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்திருந்தார். ரெண்டுங்கெட்டானாக நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் சனிக்கிழமை வந்த ஒரு மெயிலால் ஆரம்பித்தது.

அந்த வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மெயில் முகவரிதான். மகளின் பள்ளியில் கேட்டார்கள் என்று என்றோ தொடங்கியது. பிறகு மின்சார பில், மனைவியின் வேலை சம்பந்தப்பட்ட கடிதங்கள், மெக்கானிக்கின் விண்ணப்பங்கள், மகளுக்கு வரும் ஓவியப் போட்டி அறிவிப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே வந்து விழுந்தன. கடவுச்சொல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மெக்கானிக் திறந்தபோது அந்த மெயில் ஏற்கெனவே ஒருமுறை திறக்கப்பட்டிருந்தது. மகள் எதையாவது தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு படித்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் எழுதியிருந்தது. ‘அன்புடையீர், கீழ்க்கண்ட எண்ணுள்ள விண்ணப்பம் தேர்வு செய்யப்பட்டுள்ளது. மூன்றாண்டு ஒப்பந்தம். குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லலாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் சம்மதத்தைத் தெரிவிக்கவும்.’ கீழே பத்து இலக்கத்தில் ஒரு நீளமான எண்.

மெயிலை இன்னொரு முறை படித்தார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நிறுவனம் ஒரு மண்டபத்தில் ஆள் எடுத்தபோது, மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். நின்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். மனைவி தன் படிவத்தை விசிறியாக்கி இருவருக்கும் வீசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒப்புகைச் சீட்டை எங்கோ வைத்தார், எங்கே என்று மறந்தார். பன்னிரண்டு மாதம் பதில் இல்லை. நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்று மாலை மனைவியே பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, மெயில் பாத்தீங்களா?”

“பாத்தேன். நீயும் பாத்தியா?”

“காலையிலயே பாத்துட்டேன். நீங்களாப் பாக்கட்டும்னு இருந்தேன்.” அவள் முகத்தில் அடக்க முடியாத சந்தோஷம் இருந்தது. “என்ன நினைக்கிறீங்க?”

“திடீர்னு கேட்டா எப்படி? யோசிக்கணும்.”

“யோசிங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கே. நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்காகச் சரின்னு சொல்லவே வேணாம், நீங்களா மனசாரச் சொல்லணும்.”

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று மெக்கானிக் நெகிழ்ந்து போனார்.

நெகிழ்ச்சி ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு பயம் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் புது ஊர், அதுவும் பனி கொட்டும் ஊர், புதுப் பாஷை, புது லிஃப்டுகள். இங்கே ஒவ்வொரு லிஃப்டும் எப்போது முனகும், எப்போது மக்கர் செய்யும் என்று அவருக்கு அத்துப்படி. அங்கே போய் ஒரு கதவுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க நேர்ந்தால்? போகாமல் இருந்துவிட்டு, அறுபது வயதில் பால்கனியில் உட்கார்ந்து, போயிருக்கலாமோ என்று நினைக்க நேர்ந்தால்? இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தோன்றியது. அதுதான் தொல்லை.

வேலையில் அவருக்கு ஒரு விதி உண்டு. வெளிக்கதவும் உள்கதவும் மூடிவிட்டன என்று தனித்தனியே தகவல் வந்தால்தான் லிஃப்ட் நகரும். ஒன்று மட்டும் சொன்னால் போதாது. வாழ்க்கைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். ஒரே பக்கம் காட்டும் இரண்டு சகுனங்கள் வேண்டும். அதுவரை நகரக் கூடாது. இன்னொன்று, வெளியே சொன்னால் சகுனம் பலிக்காது. ஆகவே யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

முதல் சகுனம்தான் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றுவிட்டது. மாட்டிக்கொண்ட இருவரையும் ஒருவழியாக வெளியே விட்டு, அவர்கள் வாயில் விழுந்து எழுந்து, மெக்கானிக் படிக்கட்டில் உட்கார்ந்து பராமரிப்புப் புத்தகத்தைப் பிரித்தார். மனசில் இருப்பதை எழுதிப் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். எழுத அவரிடம் இருந்த ஒரே தாள் அதுதான். அவருக்கு எழுத வந்த ஒரே முறையும் அந்தப் படிவத்தின் முறைதான்.

‘கோளாறு: போவதா, நிற்பதா என்று தெரியவில்லை.
காரணம்: மேலேயும் இழுக்கிறது. கீழேயும் இழுக்கிறது.
எடுத்த நடவடிக்கை: இன்னொரு சகுனம் கிடைக்கும்வரை காத்திருப்பது.
குறிப்பு: வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்று நடந்துவிடும்.’

எழுதியதும் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீழே கார்பன் தாள் இருந்தது, அதற்குக் கீழே கட்டிடத்தாருக்குக் கொடுக்க வேண்டிய இளஞ்சிவப்பு நகல் இருந்தது என்பதெல்லாம் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அதே கட்டிடத்தில் மாதாந்திர எண்ணெய் போடும் வேலை இருந்தது. போட்டுவிட்டு, வழக்கம்போல இளஞ்சிவப்பு நகலைக் கிழித்து வாட்ச்மேனிடம் கொடுத்தார். ஒன்றாக ஒட்டிக்கொண்டு இரண்டு போயின.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் இரண்டாவது சகுனத்தைப் பார்த்துவிட நினைத்தார். மனைவி பல் செட் தயாரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, மாவில் அச்செடுத்து, நிறம் கொடுத்து, பார்த்தால் பொய்ப்பல் என்று சொல்ல முடியாதபடி செய்வாள். எப்போது பார்த்தாலும் அவள் நகக்கண்ணில் வெள்ளை மாவு இருக்கும். போன மாதம் ஒருநாள் தான் செய்த பற்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கி, வெளிச்சம் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக்குச் சிரிப்பாக இருந்தது. அவரவருக்கு ஒரு பித்து என்று விட்டுவிட்டார்.

பரணில் கிடந்த பெரிய பெட்டியை இறக்கினார். அதற்கு எண் பூட்டு. எண் மறந்து போய் ஆறு வருடம் ஆகிறது. மூன்று இலக்கம், பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் ஆயிரம் வாய்ப்பு. ஐந்நூறுக்குள் திறந்தால் போவது, ஐந்நூறைத் தாண்டினால் இருப்பது. இதில் நடுவே நிற்க இடமே இல்லை என்று அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, மூன்று பூஜ்யத்தை வைத்து இழுத்தார். பெட்டி திறந்துகொண்டது.

மூடிவிட்டு வேறு எண்ணை வைத்து இழுத்தார், அப்போதும் திறந்தது. பூட்டு பூட்டப்பட்டே இருக்கவில்லை. பூட்டாத பெட்டி திறந்தால் அதைச் சகுனத்தில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. ஏமாற்று வேலை என்று இன்னொரு மனசு சொன்னது.

தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். பழைய ஸ்வெட்டர்களுக்கு மேலே ஒரு ஜோடி கம்பளிக் கையுறை இருந்தது. புத்தம் புதுசு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. போட்டுப் பார்த்தார். விரல் பாதிதான் நுழைந்தது. மனைவியின் அளவு. அவள் தனக்கு மட்டும் வாங்கியிருக்கிறாள். அவருக்கு வாங்கவில்லை.

அப்படியானால் இதற்கு என்ன அர்த்தம்? அந்தக் குளிர் ஊரில் தன் கைக்கு வேலை இல்லை என்றுதானே அர்த்தம். போகாதே என்கிறது. பெட்டி திறந்ததோ போ என்கிறது. ஒரே பெட்டி, வெளியே ஒன்று சொல்கிறது, உள்ளே ஒன்று சொல்கிறது.

“என்னப்பா பண்றீங்க?”

பத்து வயது மகள் வாசலில் நின்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. ஒண்ணு, ரெண்டு, இதுல ஏதாவது ஒரு நம்பர் சொல்லு பாப்போம்.”

“எதுக்கு?”

“சும்மா சொல்லேன்.”

“எதுக்குன்னு தெரியாம எப்படிச் சொல்றது? எதுக்குன்னு சொன்னா மூணுகூடச் சொல்வேன்.”

“மூணு கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான்.”

மகள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பாதி விரலில் தொங்கும் கையுறையைப் பார்த்தாள். “அப்பா, நீங்க சகுனம் பாக்கறீங்களா?” என்றாள்.

பிள்ளைகளிடம் எதை மறைக்க முடிகிறது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினார். மகள் சத்தியம் செய்துவிட்டு, அம்மா செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கே போன் வந்தது. திங்கட்கிழமை லிஃப்ட் நின்ற அந்த ஒன்பது மாடிக் கட்டிடத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எதையும் இரண்டு முறை படிப்பவர்.

“நீங்க குடுத்த சீட்டைப் படிச்சேன்” என்றார். “போவதா, நிற்பதா என்று தெரியவில்லைன்னு எழுதியிருக்கீங்க.”

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

“வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்று நடந்துவிடும்னு எழுதியிருக்கீங்க. என்ன நடக்கும்? கயிறு அறுந்துடுமா? சகுனத்துக்குக் காத்திருக்கீங்களாமே, என்ன சகுனம்? நான் லிஃப்டைப் பூட்டி வாசல்ல பெஞ்சைப் போட்டுட்டேன். ஒன்பதாவது மாடிக்காரங்க நடந்துதான் இறங்கிக்கிட்டிருக்காங்க. அதுல ஒருத்தருக்கு முட்டிவலி. அவர் மூணாவது மாடியில உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டிருக்கார்.”

“சார், அது லிஃப்டைப் பத்தி எழுதினதில்ல.”

“பின்ன?”

“என்னைப் பத்தி.”

செயலாளர் இதையும் மனசுக்குள் இரண்டு முறை படித்துப் பார்த்திருக்க வேண்டும். “உங்களுக்கு மேலயும் இழுக்குது, கீழயும் இழுக்குதா?” என்றார் மெதுவாக.

“ஆமா சார்.”

“டாக்டரைப் பாத்தீங்களா?”

ஒன்பது மணிக்குள் செய்தி சூப்பர்வைசருக்குப் போய்விட்டது. அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“என்னய்யா இது? திங்கக்கிழமை ஒரு பொம்பளை உன்மேல புகார். இன்னைக்கு ஒரு கட்டிடமே புகார். உனக்கு உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு சார்.”

“அப்ப லிஃப்ட் நல்லாருக்குன்னு உடனே எழுதிக் குடுத்துட்டு வா.”

மெக்கானிக் போய் எழுதிக் கொடுத்தார். அங்கேதான் வம்பு வளர்ந்தது. ‘லிஃப்ட் நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். பொய்யோ மறைப்போ இருக்கக் கூடாதென்று, ‘குழப்பம் எனக்குத்தான், லிஃப்டுக்கு அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தார். செயலாளர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பழுது பார்க்கிறவனுக்கே குழப்பம் என்று தெரிந்த பிறகு யார் ஏறுவார்கள்? அதுவரை முணுமுணுத்துக்கொண்டு நடந்தவர்கள், இப்போது மனமுவந்து நடந்தார்கள். பக்கத்துக் கட்டிடத்தார் எட்டிப் பார்த்துவிட்டு, அதே மெக்கானிக்தான் தங்களுக்கும் என்று தெரிந்ததும் தங்கள் லிஃப்டையும் பூட்டினார்கள்.

மாலைக்குள் ஏழு லிஃப்டுகள் நின்றன. கூட வேலை செய்பவர், எல்லாரும் ஸ்பானர் என்று கூப்பிடுகிறவர், எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க அனுப்பப்பட்டார்.

“அண்ணே, உனக்கு என்னதான் பிரச்சனை?” என்று கேட்டார் ஸ்பானர்.

“சொன்னா பலிக்காது” என்றார் மெக்கானிக்.

“சொல்லாமலே எனக்கு நல்லாப் பலிக்குது” என்று சொல்லிவிட்டு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புரியாத வார்த்தைகள். அவர் வந்ததும் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

“பாஷை கத்துக்கறியா?”

“சும்மா ரெண்டு வார்த்தை. வணக்கம், நன்றி, வலிக்குதா. அவ்வளவுதான்.”

வலிக்குதா என்பது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. பொதுவாகப் பயன்படும் என்று நினைத்துக்கொண்டார்.

“சகுனம் பாக்கறீங்களாமே” என்றாள். கோபமில்லை. சொல்லப்போனால் அவளுக்கே தெரிந்துகொள்ள ஆவலாக இருந்தது. “என்ன வந்துச்சு இதுவரைக்கும்?”

“ஒண்ணு நடுவுல நின்னுடுச்சு. ஒண்ணு ரெண்டு பக்கமும் காட்டிடுச்சு.”

“அடப் பாவமே.” அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நறுக்கினாள். பிறகு, “உங்களுக்குப் பயமா இருக்கா?” என்றாள்.

“இருக்கு” என்றார் மெக்கானிக். அதைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கியது. “இங்க நான் போய் நின்னாலே எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடறாங்க. அங்க போனா என்னை யாருக்குத் தெரியும்?”

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கும் பயந்தான். ஆனா நான் எனக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இப்ப சொன்னா உங்களைக் கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி ஆயிடும். நீங்க நிதானமாப் பாருங்க. நாளைக்கு எனக்கு வெளியில ஒரு வேலை இருக்கு, அரை நாள் லீவு போட்டிருக்கேன். பொண்ணை நானே கூட்டிட்டு வந்துடறேன்.”

எந்த முடிவானாலும் தன்னோடு நிற்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள், அதைத்தான் சொல்லாமல் சொல்கிறாள் என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல மனசை எங்கேயாவது கொண்டுபோய்க் குளிரில் நிறுத்தலாமா என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை சூப்பர்வைசரே கிளம்பிவிட்டார். எழுதிக் கொடுத்தது போதும், நேரில் ஏறிக் காட்டினால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவர் யோசனை. ஒன்பது மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் கூடியிருந்தது. முட்டிவலிக்காரர் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக், சூப்பர்வைசர், செயலாளர் மூவரும் லிஃப்டுக்குள் ஏறினார்கள். பத்து முறை மேலே, பத்து முறை கீழே. முட்டிவலிக்காரர் எண்ணுவதாக ஏற்பாடு.

எதற்கும் இருக்கட்டும் என்று செயலாளர் ஏறுவதற்கு முன்னால் வாட்ச்மேனிடம், “ஏதாவது சத்தம் கேட்டா உடனே மெயினை அணைச்சிடு” என்று சொல்லி வைத்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு முறை லிஃப்ட் அழகாகப் போய் வந்தது. ஏழாவது முறை செயலாளருக்கே நம்பிக்கை பிறந்து, மெக்கானிக்கின் தோளில் தட்டிக் கொடுக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கையிலிருந்து ஒன்பது மாடிச் சாவிக்கொத்து நழுவிக் கீழே விழுந்தது. இரும்புத் தரையில் அது விழுந்த சத்தம் கூண்டு முழுக்க எதிரொலித்தது. வாட்ச்மேன் சொன்ன சொல் தவறாதவர். மெயினை அணைத்தார்.

லிஃப்ட் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றது.

இருட்டில் சூப்பர்வைசர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அது நல்ல மூச்சாக இல்லை.

“இது சகுனமாய்யா?” என்றார்.

“தெரியல சார்.”

“என் பதவிக்கு இது நல்ல சகுனமாத் தெரியல.”

வாட்ச்மேன் அதற்குள் மாடி மாடியாக ஓடி, லிஃப்ட் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். அதனால் மெயினைத் திரும்பப் போட ஆள் இல்லை. போகிற அவசரத்தில் மின்சார அறைக் கதவையும் அவர் இழுத்துப் பூட்டியிருந்தார், அதைத் திறக்கும் சாவி அந்தக் கொத்தில் இருந்தது. கொத்து லிஃப்டுக்குள் இருந்தது. ஸ்பானர் வந்து சேர அரை மணி நேரமாயிற்று. உச்சிமாடி இயந்திர அறைக்கு ஒன்பது மாடியும் நடந்தே ஏறி, கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்பானர் இரைக்க இரைக்க மெக்கானிக்குக்கு போன் செய்தார்.

“அண்ணே, கையால சுத்தப் போறேன். மேல ஏத்தவா, கீழ இறக்கவா?”

“கீழ” என்றார் மெக்கானிக்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. யோசிக்கவில்லை, தயங்கவில்லை. ஆறு நாளாக ஊரெல்லாம் தேடியது தன் வாயிலிருந்தே வந்திருக்கிறது. கூண்டு அங்குலம் அங்குலமாக இறங்கியது. நான்காவது மாடிக் கதவு திறந்தபோது அங்கே எட்டாவது மாடிப் பெண்மணி நின்றிருந்தார். திங்கட்கிழமை மாட்டிக்கொண்ட அதே அம்மா.

“நான் யோசிச்சுப் பாத்தேன்” என்றார் அவர், புகார் கொடுத்த குற்ற உணர்ச்சியோடு. “அன்னைக்கு வயித்துக்குள்ள ஜிவ்வுன்னுதான் இருந்துச்சு. கீழதான் வந்துருக்கு.”

இரண்டு கதவும் மூடிவிட்டன. இரண்டு சகுனமும் ஒரே பக்கம். மெக்கானிக் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். சூப்பர்வைசரும் செயலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று இரவு ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார். மனைவியிடம் சொல்லவில்லை. முதலில் போய் முறையாக மறுத்துவிட்டு, பிறகு சொல்வதுதான் சரி. மெயிலில் மறுப்பது மரியாதையாகப் படவில்லை. தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் நேரில் போய் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். அந்தக் கையுறையை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது. எங்காவது குளிர் ஊருக்கு நாலு நாள் சுற்றுலா கூட்டிப் போய் அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம் என்று சமாதானம் செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த நிறுவனத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. லிஃப்டில் போனார், பொத்தானை அழுத்தியதும் ஒரு முக்கலும் இல்லாமல் மேலே கொண்டுபோய் விட்டது. யார் பராமரிக்கிறார்களோ, நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அதை அவர் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கை மூடியாகிவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் மெயிலை அச்செடுத்து வந்திருந்தார். அதை நீட்டினார்.

“உக்காருங்க சார். என்ன விஷயம்?”

“ரொம்ப நன்றிம்மா. முதல்ல அதைச் சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தார் மெக்கானிக். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு. “எத்தனையோ பேர் இருக்கும்போது இந்தக் கைக்கு ஒரு மதிப்புக் குடுத்து தேர்ந்தெடுத்திருக்கீங்க. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா நான் நல்லா யோசிச்சு, எல்லாத்தையும் பாத்து, ஒரு முடிவுக்கு வந்துட்டேன். எனக்கு இங்கதான் சரிப்படும். இங்க நாப்பத்தோரு லிஃப்ட் என்னை நம்பி இருக்கு. குடும்பமும் என் முடிவுக்கு ஒத்துக்கும். அதனால வருத்தத்தோட வேணாம்னு சொல்லிக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். தாளிலிருந்த பத்து இலக்க எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“லிஃப்டா?” என்றாள்.

“ஆமாம்மா. பத்தொன்பது வருஷ அனுபவம்.”

அவள் திரையை மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள். வரிசையாக அடுக்கி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த பற்களின் படம் ஒன்று அதில் பளிச்சென்று சிரித்தது.

“இதை வேணாம்னு சொல்ல உங்களால முடியாது சார், இது போன வருஷம் உங்க மனைவி எழுதிக் குடுத்த படிவத்துக்குக் கிடைச்ச வேலை. அவங்க நேத்து மத்தியானமே வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. கூட வர்றவங்கன்னு இருந்த இடத்துல பொண்ணு பேரை எழுதிட்டு, கணவர்ங்கிற கட்டத்தை மட்டும், ‘அவருக்கு இன்னும் சகுனம் சரியா வரலை, வந்ததும் எழுதிக்குங்க’ன்னு காலியா விட்டுட்டுப் போயிருக்காங்க.”